உள்ளே பிடி இல்லாத கதவு

இந்தக் காலத்து ஜனங்களுக்கு ஒரு வரிசையைக் காட்டிவிட்டால் போதும். எதற்கு நிற்கிறோம் என்று கேட்கமாட்டார்கள். முன்னால் நிற்பவனின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். முதுகு நகர்ந்தால் நகர்வார்கள். அந்த முதுகு குழிக்குள் இறங்கினால் இவர்களும் இறங்குவார்கள். இறங்கும்போதே பின்னால் இருப்பவனிடம், "தள்ளாதீங்க, எல்லாருக்கும் இடம் இருக்கு" என்று வேறு சொல்வார்கள்.

பூட்டுக்காரர் இப்படித்தான் நினைத்துக்கொண்டார். நினைத்தபடி அவரும் வரிசையில்தான் நின்றார், அறுபத்தோராவது ஆளாக. பின்னால் அறுபத்திரண்டாவதாக அவர் மனைவி. இருவர் கையிலும் எண் பொறித்த தகர வில்லை ஒவ்வொன்று. வில்லையைத் தொலைத்தால் ஆளே தொலைந்ததாகக் கருதப்படும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது.

நாற்பத்தைந்து வருடம் பூட்டுக்கும் கதவுக்கும் நடுவில் காலம் தள்ளியவர் அவர். படித்தது மூன்றாம் வகுப்பு. அதற்குமேல் படித்தவர்கள் எல்லாம் சாவியைத் தொலைத்துவிட்டு அவரிடம்தான் வந்து நின்றார்கள். ஆகவே படிப்பின்மேல் அவருக்குப் பெரிய மரியாதை கிடையாது. கப்பலில் ஏறி ஊர் சுற்றும் ஆசையும் கிடையாது. மகள்தான் சீட்டு எடுத்துக் கொடுத்திருந்தாள். அதுவும் அவருக்காக இல்லை, அம்மாவுக்காக.

மனைவியின் அக்கா கடலுக்கு அந்தப் பக்கம், கப்பல் மூன்றாம் நாள் ஆறு மணி நேரம் நிற்கும் ஊரில் இருந்தாள். இருவரும் பார்த்துப் பதினோரு வருடம். காதில் அறுவை சிகிச்சை ஆனதால் தங்கை விமானம் ஏறக்கூடாது. பஸ்ஸில் சுற்றிக்கொண்டு போவதென்றால் இரண்டு பகல், இரண்டு ராத்திரி. முதல் வளைவிலேயே அவளுக்கு வாந்தி வந்துவிடும். அக்காவுக்கோ கண் மங்கிக்கொண்டே வந்தது. வருடக் கடைசிக்குள் முழுசாகப் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "போறதுக்குள்ள ஒரு தடவை உன் மூஞ்சியப் பாத்துக்கறேண்டி" என்று அக்கா போனில் சொன்ன நாளிலிருந்து இவள் சரியாகச் சாப்பிடவில்லை. பெட்டியில் அக்காவுக்கென்று ஒரு சால்வை மடித்து வைத்திருந்தாள். நல்ல அழுத்தமான சிவப்பு. மங்கின கண்ணுக்கும் தெரியும் என்று தேடித் தேடி எடுத்தது.

கப்பலில் ஏறக் கொரோனா இல்லை என்று சான்றிதழ் வேண்டும். அதைக் கொடுக்கும் இடம்தான் இந்தப் பழைய சரக்குக் கொட்டகை. வாசலில் 'பயண முன்தூய்மை உறுதிக் கூடம்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். பலகை புதுசு. கொட்டகை பழசு. உள்ளே வெள்ளைத் துணியால் தடுத்த அறைகள். கோடியில் இரண்டு கதவுகள், ஒன்று பச்சை, ஒன்று சாம்பல். நோய் இல்லாதவர்கள் பச்சைக் கதவு வழியாக நேரே கப்பலுக்குப் போகலாம். மற்றவர்கள் சாம்பல் கதவு வழியாக 'இறுதிக் காத்திருப்பு அறை'க்குப் போகவேண்டும்.

சீட்டு எழுதும் பெண் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து விதிகளைச் சொன்னாள்.

"கப்பல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு. அதுக்கு முன்னாடி நாப்பத்தெட்டு மணி நேரத்துக்குள்ள எடுத்த சோதனை மாதிரிதான் செல்லும்."

"சரிம்மா. முடிவு எப்ப வரும்?"

"அம்பது மணி நேரம் ஆகும்."

பூட்டுக்காரர் விரல்விட்டு எண்ணினார். சந்தேகம் வந்து மறுபடி எண்ணினார்.

"ஏம்மா, அப்ப கப்பல் போய் ரெண்டு மணி நேரம் கழிச்சுல்ல வரும்?"

"அதுக்குத்தான் விரைவு வரிசை இருக்கு. ஆறு மணி நேரத்துல வந்துடும்."

"அதுல நிக்க வை."

"அதுல நிக்கணும்னா நோய் இல்லைன்னு சான்றிதழ் காட்டணும் ஐயா. நோய் இருக்கறவங்க வந்து நின்னுட்டா என்ன பண்றது?"

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை. பூட்டுக்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பேசவேண்டாம் என்று அவள் கண்ணாலேயே கெஞ்சினாள்.

"பெரியவரே, இதுல தப்பு ஒண்ணும் இல்ல," என்றார் அறுபதாவது எண்காரர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாகக் கப்பல் பார்க்க வந்தவர். "நாப்பத்தெட்டும் சரி, அம்பதும் சரி. தனித்தனியாப் பாத்தா ரெண்டுமே சரியான எண்ணுதான்."

"சேத்துப் பாத்தா?"

"சேத்துப் பாக்கச் சொல்லி எந்த விதியிலயும் இல்லையே."

புதன்கிழமை நாலு மணி தாண்டியதும் மாதிரி எடுக்கத் தொடங்கினார்கள். வெள்ளை உடுப்புப் போட்ட நர்ஸ் பூட்டுக்காரரின் மூக்குக்குள் குச்சியை விட்டுச் சுழற்றினாள்.

"அடியேய் மெதுவா! நான்கூட துருப்பிடிச்ச பூட்டை இப்படித் துருவுனதில்ல."

"பேசாதீங்க ஐயா. பேசினா மாதிரி கெட்டுடும்."

மாதிரி கொடுத்தவர்கள் வெளியே போகக்கூடாது. போனால் தூய்மை போய்விடும். ஆகவே எல்லாரும் கொட்டகையிலேயே, ஆறடிக்கு ஒரு நாற்காலி வீதம், உட்காரவைக்கப்பட்டார்கள். நாற்காலிகள் தரையில் அறையப்பட்டிருந்தன. புருஷன் பெண்டாட்டிக்கும் ஆறடிதான்.

"ஏங்க," என்றாள் மனைவி ஆறடிக்கு அப்பாலிருந்து. "மூணு மாசம் முன்னாடிதானே நாம ஒரே தட்டுல சாப்பிட்டு ஒண்ணா காய்ச்சல்ல படுத்தோம்?"

"மெதுவாப் பேசு. அதுக்கும் ஒரு விதி வெச்சிருப்பான்."

வேலை இல்லாத கண் தொழிலைத்தான் தேடும். பூட்டுக்காரர் எழுந்து போய்ப் பச்சைக் கதவைப் பார்த்தார். அழகாக வர்ணம் அடித்திருந்தார்கள். கதவுக்கும் நிலைக்கும் நடுவில் இருக்கும் இடுக்கு வரை வர்ணம் ஓடி, காய்ந்து, ஒட்டியிருந்தது. சாவித் துவாரத்தின் மேலும் வர்ணம். எங்கேயும் ஒரு கீறல் இல்லை. வர்ணம் அடித்த நாளிலிருந்து அந்தக் கதவு ஒரு தடவைகூடத் திறக்கப்படவில்லை என்பதற்கு அவருக்கு வேறு சாட்சி தேவையில்லை.

சாம்பல் கதவில் வர்ணம் உதிர்ந்திருந்தது. விளிம்பு கைபட்டுப் பளபளத்தது. பூட்டுத் தகட்டின் மூலையில் ஓர் ஆணிக் குத்து, மூன்று புள்ளியாக.

அது அவருடைய குத்து. அவர் பொருத்தும் எல்லாப் பூட்டிலும் வைக்கிற அடையாளம்.

ஞாபகம் வந்தது. ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒருவர் கடைக்கு வந்தார். வெளியிலிருந்து மட்டும் திறக்கும் பூட்டு வேண்டும், உள்ளே பிடி வேண்டாம் என்றார். "என்ன சாமான் வைக்கப் போறீங்க?" என்று கேட்டதற்கு, "நடைமுறைக்கு" என்று சொன்னார். இவரும் மேலே கேட்கவில்லை. கதவைக் கழற்றிக் கடைக்கே கொண்டுவந்தார்கள், பொருத்திக் கொடுத்தார், எடுத்துப் போனார்கள். கேட்காமல் வரிசையில் நிற்பவன் ஒரு ரகம் என்றால் கேட்காமல் பூட்டு மாட்டுபவன் எந்த ரகம்? அந்த நினைப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்.

வியாழக்கிழமை காலையிலேயே, ஐம்பது மணி நேரம் ஆகுமுன், முதல் எண்ணைக் கூப்பிட்டார்கள். "ஒன்பது." ஒரு மனிதர் எழுந்தார். பெட்டியைச் சாம்பல் கதவின் ஓரம் வைக்கச் சொன்னார்கள். வைத்தார். உள்ளே போனார். கதவு 'கடக்' என்று சாத்திக்கொண்டது. பிறகு பதினேழு. பிறகு நாற்பதும் நாற்பத்தொன்றும். போனவர்கள் ஒருவரும் திரும்பவில்லை. பெட்டிகள் மட்டும் கதவோரம் ஒன்றின்மேல் ஒன்றாக உயர்ந்தன. மத்தியானம் அதில் ஒரு பெட்டிக்குள் போன் அடித்தது. அடித்து அடித்து ஓய்ந்தது. எடுக்க யாரும் எழவில்லை. அந்த எண்ணை இன்னும் கூப்பிடவில்லை என்பதுபோல எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டார்கள்.

மூன்று மணிக்கு வேறொன்று நடந்தது. மாதிரி எடுத்த நர்ஸ் தன் முடிவுக் காகிதத்தைத் தானே படித்தாள். மேசைமேல் குச்சிகளை அடுக்கி வைத்தாள். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தகர வில்லையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், சாம்பல் கதவுக்குள் போனாள்.

"இப்ப நம்ம மாதிரியை யாரு பாப்பாங்க?" என்று பூட்டுக்காரர் உரக்கவே கேட்டார்.

அதற்குப் பதில் சொல்லத் தலைமை அதிகாரியே வந்தார். ஒரு காகிதத்தைத் தொட்டால் ஒரு ஜோடி கையுறையை மாற்றுகிறவர். காத்திருந்தவர்கள் தங்களுக்குள் 'கையுறை' என்றே பெயர் வைத்திருந்தார்கள். ஒலிபெருக்கியைத் துடைத்தார். துடைத்த துணியைத் துடைத்தார். பேசினார்.

"ஒரு விஷயத்தை எல்லாரும் தப்பாப் புரிஞ்சுக்கிறீங்க. உங்களுக்கு நோய் இருக்கா இல்லையான்னு கண்டுபிடிக்க நாங்க இங்க இல்ல. அது டாக்டருங்க வேலை. நடைமுறை ஒழுங்கா நடந்துச்சான்னு பாக்கறதுதான் எங்க வேலை. போன மாசம் ஒருத்தர் இதே கூடத்துல மாரடைப்புல போயிட்டார். ஆனா கடைசி மூச்சு வரைக்கும் ஆறடி தள்ளித்தான் உக்காந்திருந்தார். தூக்கப் போனவங்களும் ஆறடி தள்ளித்தான் நின்னாங்க. யாரும் விதியை மீறல. அதுக்காக எங்களுக்கு மேலிடத்துலேருந்து பாராட்டுக் கடிதம் வந்துச்சு. சட்டம் போட்டு மாட்டியிருக்கோம், போகும்போது பாருங்க."

"போகும்போதுன்னா எந்தக் கதவு வழியா?" என்றார் பூட்டுக்காரர்.

கையுறை பேனாவை எடுத்தார். "உங்க எண் என்ன?"

"அறுபத்தொண்ணு."

குறித்துக்கொண்டார். பேனாவைக் குப்பையில் போட்டார்.

"வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருங்களேன்," என்று மனைவி கிசுகிசுத்தாள். "எப்படியோ ஏறிட்டா போதும். ஆறு மணி நேரம். அவ என் மூஞ்சியப் பாக்கணும், அவ்வளவுதான்."

கையுறைக்குக் காது கூர்மை. "கரையில இறங்கினாலும் முகக்கவசத்தைக் கழட்ட அனுமதி இல்லம்மா," என்றார். "கவசத்தோட பாத்துக்கலாம்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைக்கப் போய், முகத்தைத் தொடக்கூடாது என்ற விதி நினைவுக்கு வந்து, கையை இறக்கிக்கொண்டாள். நாற்பது வருடத்தில் அவள் அழுகையைப் பூட்டுக்காரரால்கூட நிறுத்த முடிந்ததில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கொட்டகையில் பாதி நாற்காலிகள் காலி. காவலாளி காலி. டீ கொண்டுவந்தவர் காலி. ஆய்வுக்கூடத்தில் குழாய்களைப் பார்க்கும் மூன்று பேரும் வில்லை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். அதன்பிறகு முடிவுகள் வேகமாக வரத் தொடங்கின. பார்ப்பதற்கு ஆள் இல்லாவிட்டால் பார்ப்பதற்கு நேரம் ஆகாதுதானே.

"அறுபது: தெரியவில்லை. அறுபத்தொன்று: இல்லை. அறுபத்திரண்டு: தெரியவில்லை," என்று சீட்டுப் பெண் படித்தாள்.

கணக்கு வாத்தியார் எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, பரிசு வாங்கப் போவதுபோல சாம்பல் கதவுக்குள் போனார்.

"தெரியலைன்னா என்னம்மா அர்த்தம்?" பூட்டுக்காரர் கண்ணாடித் தடுப்பில் கையை ஊன்றினார்.

"இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. அதனால இருக்குன்னு வெச்சுக்கிறது பாதுகாப்பு."

"எனக்கு இல்லை, அவளுக்குத் தெரியலை. ஒரே வீட்டுல, ஒரே தலையணையில நாப்பது வருஷமா மூச்சு விடறோம். உனக்கே சிரிப்பு வரலை?"

"சிரிச்சா கவசம் நழுவிடும் ஐயா."

"சரி, நான் மட்டும் பச்சைக் கதவு வழியாப் போகலாமா?"

"போகலாம். ஆனா கப்பல்ல உங்களது ரெண்டு பேர் அறை. அறையில இருக்கறவங்க ரெண்டு பேருக்கும் ஒரே முடிவு இருந்தாத்தான் கதவு திறக்கும்."

"அது திறக்காது. வர்ணத்தைப் பாத்துட்டேன்."

அந்தப் பெண் முதல்முறையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். சின்ன வயசு. கண்ணில் தூக்கம் இல்லாத சிவப்பு. "சத்தமாப் பேசாதீங்க," என்றாள், மிக மெதுவாக. "எனக்கும் இன்னிக்குக் காலையில மாதிரி எடுத்திருக்காங்க."

இதற்குள் மனைவி பெட்டியைக் கதவோரம் வைத்துவிட்டிருந்தாள். அவளைத் தள்ளவும் இல்லை, இழுக்கவும் இல்லை. எண்ணைக் கூப்பிட்டார்கள், அவள் நடந்தாள். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. பால்காரன் நேரம் தவறினால்கூட வாசலில் நின்று சண்டை போடுகிறவள் அவள்.

"எனக்கும் தெரியலைன்னு போடு," என்றார் பூட்டுக்காரர்.

"அப்படிப் போட முடியாது ஐயா. உங்களுக்கு இல்லை."

"தெரியாதவளோட பக்கத்துல நாப்பது வருஷம் இருந்திருக்கேன். அதுக்கு ஒரு விதி இல்லாமலா இருக்கும்?"

இருந்தது. பதினான்காம் பக்கத்தில். அவள் முத்திரை குத்தினாள். பூட்டுக்காரர் மனைவியின் பின்னாலேயே சாம்பல் கதவுக்குள் நுழைந்தார். அவருடைய பூட்டு அவருக்குப் பின்னால் 'கடக்' என்றது.

நீள அறை. ஆறடிக்கு ஒரு நாற்காலி. ஒன்பது, பதினேழு, நாற்பது, நாற்பத்தொன்று, நர்ஸ், காவலாளி, எல்லாரும் வரிசை தவறாமல் எண்ணை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் இருமவில்லை. ஒருவரும் பேசவும் இல்லை. மேலே ஒரே ஒரு அழுக்கு ஜன்னல். அதில் கப்பலின் வெள்ளை வயிறு தெரிந்தது.

"இங்க என்ன நடக்கும்?" என்று பூட்டுக்காரர் கேட்டார்.

"கூப்பிடுவாங்க," என்றார் கணக்கு வாத்தியார்.

"எதுக்கு?"

"அதைக் கூப்பிடும்போது சொல்வாங்க."

"ஒன்பதாம் நம்பரைக் கூப்பிட்டாங்களா?"

ஒன்பதாம் எண்காரர் இல்லை என்று தலையை ஆட்டினார். கன்னத்தில் இரண்டு நாள் தாடி. "எப்ப வேணா கூப்பிடலாம். அதான் எந்திரிக்கல."

நாலு மணிக்குச் சங்கு ஊதியது. ஜன்னலில் இருந்த வெள்ளை வயிறு மெல்ல நகர்ந்தது. ஒன்றன்பின் ஒன்றாக வட்ட ஜன்னல்கள் போயின. எதிலும் முகம் இல்லை. மேல்தளத்தில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். ஒன்றிலும் ஆள் இல்லை. கப்பலின் பின்பக்கம் போனது, பிறகு வானம் மட்டும் இருந்தது.

சுவரில் இருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. கையுறையின் குரல் தழுதழுத்தது.

"எல்லாருக்கும் ஒரு நல்ல சேதி. நம்ம கப்பல் சரியான நேரத்துக்குக் கிளம்பிடுச்சு. ஆயிரத்து இருநூறு படுக்கை, ஒண்ணுல கூட இருமல் இல்ல. ஒரு சந்தேகம் கூட இல்ல. பயணி ஏறினாத்தானே நோய் ஏறும்? இவ்வளவு சுத்தமான கப்பல் இதுவரைக்கும் எந்தத் துறைமுகத்துலேருந்தும் போனதில்ல. இது உங்க ஒத்துழைப்புக்குக் கிடைச்ச வெற்றி. தயவுசெஞ்சு யாரும் எந்திரிக்காதீங்க. அடுத்த கப்பல் இருபத்தாறு நாள்ல."

நாற்காலிகளிலிருந்து கைதட்டல் கேட்டது. முதலில் கணக்கு வாத்தியார். பிறகு நர்ஸ். பிறகு எல்லாரும். பூட்டுக்காரர் திரும்பிப் பார்த்தபோது அவர் மனைவியும் இரண்டு கையையும் மடியிலிருந்து தூக்கியிருந்தாள். தட்டவில்லை. தூக்கியதை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருந்தாள்.

"எந்திரி," என்றார் அவர்.

"கூப்பிடலையேங்க."

"நான் கூப்பிடறேன். எந்திரிடி."

அவர் கதவண்டை போய்க் குனிந்தார். வெகுகாலத்துக்கு முன்னால் ஒரு குளிர்பதனக் கிடங்கில் அவர் மாட்டிய பூட்டுக்குள் ஒரு சுமைகூலி பகல் முழுக்க அகப்பட்டுக்கொண்டான். வெளியே எடுத்தபோது ஆள் இருந்தான், ஒரு காது இல்லை. அன்றிலிருந்து உள்ளே பிடி வேண்டாம் என்று யார் கேட்டாலும் சரி என்பார். ஆனால் உள்தகட்டில் மூன்றாவது திருகாணியை மட்டும் பொய்த் திருகாணியாக வைப்பார். அரைச் சுற்று சுற்றினால் பூட்டின் நாக்கு உள்ளே போய்விடும். கேட்டவரிடம் இதைச் சொல்வதில்லை. மனுஷனை நம்பாதவன் பூட்டை மட்டும் நம்புவானா?

அறுபத்தோராம் எண் வில்லையின் விளிம்பைத் திருகாணியின் பள்ளத்தில் வைத்துத் திருகினார். கதவு திறந்தது. கொட்டகையின் காற்று உள்ளே வந்தது.

"பாத்துக்கங்க," என்றார் அறையைப் பார்த்து. "மூணாவது திருகாணி. அரைச் சுற்று. உங்க கையில இருக்கற வில்லையே போதும். வாங்க, போகலாம்."

யாரும் அசையவில்லை.

"அதுக்கு அனுமதி இருக்கா?" என்றார் கணக்கு வாத்தியார்.

"கதவு திறந்திருக்குய்யா!"

"திறந்திருக்கு. அது வேற. கூப்பிட்டாங்களா?"

பூட்டுக்காரர் வில்லையைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் சொருகி, சாத்திக்கொள்ளாமல் வைத்தார். மனைவியின் கையைப் பிடித்தார். இரண்டு நாளுக்குப் பிறகு தொட்ட கை, சில்லென்று இருந்தது. அவள் பெட்டிக் குவியலில் தன் பெட்டியைத் தேடி உருவினாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நாற்காலி காலி. அதன்மேல் ஒரு முத்திரைக் கட்டையும் அந்தப் பெண்ணின் காகிதமும் கிடந்தன. அதில் என்ன எழுதியிருந்தது என்று அவர் பார்க்கவில்லை. பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி அங்கே யாரும் எதையும் எழுதுவதில்லை.

வாசல் அகலத் திறந்திருந்தது. இரண்டு நாளும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"பெரியவரே!" பின்னாலிருந்து கையுறை கூப்பிட்டார். ஓடி வரவில்லை, ஆறடியை மனசால் அளந்து நின்றுகொண்டார். "வெளியில போனா உங்க பாதுகாப்புக்கு நாங்க பொறுப்பில்ல!"

"உள்ளே இருந்தப்ப யாரு பொறுப்பு?"

அதற்கு எந்தப் பக்கத்திலும் விதி இல்லை போலிருக்கிறது. அவர் கையுறையை மாற்றத் தொடங்கினார்.

துறைமுகச் சாலையில் வெயில் சாய்ந்திருந்தது. மனைவி கவசத்தைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

"பஸ்ஸுன்னா எனக்கு வாந்தி வருமேங்க."

"வரட்டும். பை வாங்கித் தரேன். ஒரு டஜன் வாங்கறேன்."

"அங்கயும் குச்சி விடுவாங்களா?"

"தெரியல. விட்டா, மொதல்ல கதவைப் பாக்கறேன்."

பத்தடி போயிருப்பார்கள். பின்னால் ஏதோ தகரம் தரையில் விழுந்து உருண்டு நின்றது. தொடர்ந்து, நாற்பத்தைந்து வருடமாக அவர் காதுக்குப் பழகிய சத்தம். கடக்.

அவள் நின்றாள். "யாரோ கதவைச் சாத்திட்டாங்க போல. அந்த அதிகாரியா?"

பூட்டுக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டமாத்திரத்தில் சொல்லிவிடுவார், எந்தப் பக்கம் நின்று சாத்தியது என்று.

"இல்ல," என்றார். "உள்ளே இருந்து."

அவள் பெட்டியை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.